தடிமன்தானே என்று துண்டு வெட்டிக் கூட்டி வரலாமா?

கேள்வி: நான் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறேன். மனைவி பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் என் அம்மாவோடு இருக்கிறாள். முதல் பிள்ளை, 31 வாரம். பொங்கலுக்கு லீவில் போனபோது எனக்கு இருமல் இருந்தது. நான் போய் மூன்றாம் நாள் அவளுக்குக் குளிர்காய்ச்சலும் உடம்பு வலியும் வந்துவிட்டன. மிட்வைஃப் மிஸ்ஸி பார்த்துவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள், நெஞ்சுக்கு எக்ஸ்-ரே எடுத்தார்கள், ஒட்சிசன் வைத்தார்கள். வயிற்றில் ஊசி போடுகிறார்கள். ஒசெல்டமிவிர் என்று ஒரு கெப்சூல் கொடுக்கிறார்கள். மற்றத் தாய்மாரோடு விடாமல் தனி அறையில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அவளுக்குச் சிங்களமும் அவ்வளவாகத் தெரியாது. “வெறும் தடிமனுக்கு இத்தனை மருந்தா, பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும், துண்டு வெட்டி (டிஸ்சார்ஜ் வாங்கி) கூட்டி வந்துவிடு” என்கிறார் அம்மா. என்ன செய்வது? அவளுக்கு இது என்னால்தான் வந்ததா?

பதில்:

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றைக்கே “கூட்டி வராதீர்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள்” என்று ஒரு வரி அனுப்பிவிட்டேன். அது மட்டும் போதாது. அம்மாவிடம் எடுத்துச் சொல்ல உங்களுக்குக் காரணம் வேண்டும். இதே கேள்வியை மஸ்கெலியாவிலிருந்தும் தலவாக்கலையிலிருந்தும் வேறு பலரும் கேட்டிருக்கிறார்கள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் அம்மா சொல்வதில் ஒரு பாதி சரி. காய்ச்சல், இருமல் என்று வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கொத்தமல்லித் தண்ணியும் ஓய்வும் பெனடோலும் (பரசிட்டமோல்) போதும். ஆனால் தடிமன் வேறு, இன்புளுவென்சா வேறு. தடிமன் மூக்கில் தொடங்கி மெல்ல மெல்ல வரும், ஆளைப் படுக்க வைக்காது. இன்புளுவென்சா காலையில் பேரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போனவரைச் சாயங்காலம் கம்பளிக்குள் சுருள வைத்துவிடும். நடுக்கம், எலும்பை முறிக்கிற மாதிரி வலி, வறட்டு இருமல். நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவதுபோலத்தான் இருக்கிறது. அதிலும் வந்திருப்பது ஏழு மாதக் கர்ப்பிணிக்கு. அங்கேதான் கணக்கு முழுவதும் மாறுகிறது.

பிள்ளை வளர வளரக் கருப்பை மேலே எழும்பி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத்தை மேலே தள்ளும். மூச்சை விட்ட பிறகும் நுரையீரலில் மிச்சம் நிற்கிற காற்று ஒன்று உண்டு. அதுதான் நம்முடைய கையிருப்பு. கர்ப்பத்தின் பிற்பகுதியில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே நேரத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் சேர்த்துத் தேவைப்படும் ஒட்சிசனோ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். சம்பள நாளுக்கு முந்தின வாரம் வீட்டுக்கு விருந்தாளி வந்த மாதிரி நிலைமை. மாமூலான நாட்களில் உடம்பு எப்படியோ சமாளித்துக்கொள்ளும். நுரையீரலில் வைரஸ் புகுந்து சளி கட்டினால் சமாளிக்க இடமே இல்லை. இதோடு, வயிற்றுப் பிள்ளையை அந்நியமாக நினைத்து எதிர்க்காதபடி தாயின் நோய் எதிர்ப்புச் சக்தியும் கொஞ்சம் மாறி நிற்கும். அதனால்தான் உங்கள் அம்மாவுக்கு மூன்று நாளில் போகிற காய்ச்சல் மருமகளுக்கு நிமோனியாவாகத் திரும்பலாம்.

2009இல் எச்1என்1 என்ற இன்புளுவென்சா உலகம் முழுவதும் பரவியபோது இது கண்கூடாகத் தெரிந்தது. அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். ஆனால் அந்தக் காய்ச்சலில் அங்கே இறந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் கர்ப்பிணிகள். அதற்குப் பிறகு 2012இல் உலக சுகாதார அமைப்பு, இன்புளுவென்சாத் தடுப்பூசியில் கர்ப்பிணிகளுக்கே முதலிடம் கொடுக்கச் சொன்னது.

அந்த அலையில் நானும் மலைநாட்டில் ஒரு வார்டில் வேலை செய்தேன். ஒரு தாயை இன்னும் மறக்கவில்லை. 33 வாரம், இரண்டாவது பிள்ளை. காய்ச்சலோடு இரண்டு நாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருக்கிறார், பேர் (அன்றைய சம்பளம்) போய்விடும் என்று. மூன்றாம் நாள் எழும்ப முடியவில்லை. வேது (ஆவி) பிடித்திருக்கிறார்கள், தைலம் தேய்த்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வாகனம் கிடைக்கவில்லை. ஐந்தாம் நாள் காலையில் கொண்டுவந்தபோது படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். பெயரைக் கேட்டேன், பாதிப் பெயரைச் சொல்லி நிறுத்தி மூச்சு வாங்கினார். பிள்ளையைக் காப்பாற்றினோம், தாயைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டாம் நாளே வந்திருந்தால் அவர் பிழைத்திருக்க நிறைய வாய்ப்பு இருந்தது. உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸி உங்கள் மனைவியை உடனே அனுப்பினார் பாருங்கள், அவர் செய்தது மிகப் பெரிய காரியம். ஊருக்குப் போகும்போது அவரிடம் நன்றி சொல்லுங்கள்.

சரி, அம்மா பயப்படுகிற மருந்துகளுக்கு வருவோம்.

ஒசெல்டமிவிர் இன்புளுவென்சா வைரஸ் பெருகுவதைத் தடுக்கிற மருந்து. 75 மில்லிகிராம், காலையும் இரவும், வழக்கமாக ஐந்து நாள். நோய் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் அதிகம். அதனால்தான் கர்ப்பிணிகளுக்கு மூக்கில் எடுத்த சாம்பிளின் முடிவு வரும்வரை காத்திருக்காமல் கொடுத்துவிடுகிறோம். பிந்தி வந்தவருக்கும், நோய் கடுமையாக இருந்தால் கொடுக்கத்தான் வேண்டும். பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை மருத்துவ உலகமும் கேட்டுப் பார்த்திருக்கிறது. டென்மார்க், நோர்வே, சுவீடன், பிரான்ஸ் ஆகிய நாடுகளில் கர்ப்ப காலத்தில் இந்த மருந்தையோ இதே வகையைச் சேர்ந்த இன்னொன்றையோ எடுத்த ஐயாயிரத்துக்கும் அதிகமான தாய்மாரின் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 2017இல் வெளியானது. பிறவிக் குறையோ, எடைக் குறைவோ, குறைமாதப் பிறப்போ மருந்தால் கூடியதாகத் தெரியவில்லை. சிலருக்கு வயிற்றைப் புரட்டும், வாந்தி வரும். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால் அது குறையும். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டாலும் ஐந்து நாளையும் முடிக்க வேண்டும்.

மருந்தைவிடப் பிள்ளைக்குக் கேடு செய்வது நோய்தான். இன்புளுவென்சா வைரஸ் பொதுவாக நச்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையைப் பிடிப்பதில்லை. ஆனால் தாய்க்குக் காய்ச்சல் கொதித்தால் பிள்ளையின் இதயமும் வேகமாக அடிக்கும். தாயின் இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்தால் பிள்ளைக்குப் போவதும் குறையும். குறைமாதத்தில் வலி வரலாம். அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள்: பிள்ளை மூச்சு விடுவது தாயின் நெஞ்சால்தான்.

எக்ஸ்-ரே பற்றி ஒரு வார்த்தை. நெஞ்சுக்கு எடுக்கும் ஒரு படத்தில் பிள்ளைக்குப் போய்ச் சேருகிற கதிர்வீச்சு 0.01 மில்லிகிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக்கும் கீழே. பிள்ளைக்குத் தீங்கு என்று பேசத் தொடங்கும் அளவே 50 மில்லிகிரேக்கு மேல். நிமோனியாவைக் காணாமல் விடுவதுதான் ஆபத்து.

வயிற்றில் போடும் ஊசி அநேகமாக இரத்தம் உறையாமல் தடுக்கிறதாக இருக்கும். ‘வயிற்றில் ஊசி’ என்றதும் பிள்ளைக்குள்ளே குத்துகிறார்கள் என்று அம்மா நினைத்திருப்பார். அது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பில் மட்டும் போடுவது, நச்சுக்கொடியைத் தாண்டாது. கர்ப்பத்தில் இரத்தம் இயல்பாகவே சீக்கிரம் உறையும். அதோடு காய்ச்சல், நாள் முழுக்கப் படுக்கை என்று சேர்ந்தால் காலில் இரத்தக் கட்டி உண்டாகி நெஞ்சுக்கு ஏறலாம். அதைத் தடுக்கத்தான் அந்த ஊசி. முன்கூட்டியே பிரசவம் ஆகலாம் என்று டொக்டர்மார் நினைத்தால் பிள்ளையின் நுரையீரல் முதிரத் தசையில் வேறொரு ஊசியும் போடுவார்கள். 31 வாரத்தில் அது பெரிய பாதுகாப்பு. அதைப் போட்டதாலேயே ஆபரேஷன் செய்யப் போகிறார்கள் என்று அர்த்தம் இல்லை. இன்புளுவென்சாவுக்காக மட்டும் யாரும் வயிற்றைக் கிழிப்பதில்லை.

ஒட்சிசன் விஷயத்தில் மலைநாட்டுக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. நுவரெலியா டவுன் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர். அந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசனை அளக்கும் கருவி நல்ல சுகதேகிக்கே அங்கே ஒன்றிரண்டு புள்ளி குறைத்துக் காட்டலாம். கைவிரல் குளிர்ந்திருந்தாலும், நகத்தில் மருதாணியோ சாயமோ இருந்தாலும் பிழையாகக் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தும் காய்ச்சலுள்ள கர்ப்பிணிக்கு 95க்குக் கீழே காட்டினால் “மலைதானே, அப்படித்தான்” என்று விடக்கூடாது. சாதாரண நோயாளிக்கு 92, 93 என்று பொறுத்துக்கொள்கிறதை வயிற்றில் பிள்ளை உள்ளவருக்கு நாங்கள் பொறுப்பதில்லை. உங்கள் மனைவிக்கு ஒட்சிசன் வைத்தது அவர் கவலைக்கிடம் என்பதால்தான் என்று இல்லை. பிள்ளைக்கும் மிச்சம் வைத்துக் கொடுக்கிறார்கள். மல்லாந்து படுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கருப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். இடப்பக்கம் சரிந்து, தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுத்தால் தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது.

தனி அறையில் வைத்ததை ‘ஒதுக்கி வைத்தார்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தை எனக்கு வலித்தது, ஏனென்றால் நம்முடைய ஆட்கள் ஒதுக்கப்பட்ட கதை நீளமானது. ஆனால் இது அது இல்லை. பக்கத்துக் கட்டிலில் பிரஷர் கூடிய ஒரு தாய் இருப்பார், அடுத்ததில் சீனி வருத்தக்காரர், அதற்கடுத்ததில் இரட்டைப் பிள்ளை சுமக்கிறவர். ஒருவர் இருமினால் நாலு பேருக்குப் போகும். இன்புளுவென்சா தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்து ஐந்து ஏழு நாள்வரை மற்றவருக்குத் தொற்றும். இதே காரணத்துக்காக, இருமலோடு யாரும் பார்க்கப் போக வேண்டாம். நீங்களும்தான். உங்கள் இருமல் முழுதாக விட்ட பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு போங்கள்.

இனி, நீங்கள் கடைசி வரியில் கேட்டது. உங்களால் வந்ததா? வந்திருக்கலாம். இந்த வைரஸ் உடம்புக்குள் போய் ஒன்றிலிருந்து நாலு நாளில் காய்ச்சலாக வெளிப்படும், நீங்கள் சொன்ன மூன்றாம் நாள் அதற்குள் அடங்குகிறது. ஆனால் பஸ்ஸிலும் கோயிலிலும் கடையிலும் அந்த வாரம் எத்தனையோ பேர் இருமியிருப்பார்கள். நம் நாட்டில் இன்புளுவென்சா பொதுவாக வருடத்துக்கு இரண்டு தடவை தலைதூக்கும். வருட நடுவில் மே, ஜூன், ஜூலையில் ஒன்று. நவம்பரிலிருந்து ஜனவரி, பெப்ரவரி வரை இன்னொன்று. இரண்டாவது நேரத்தில்தான் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பஸ் நிறைய மலைக்குத் திரும்புகிறார்கள். கர்ப்பிணி மனைவியைப் பார்க்க ஆசையோடு போனதை ஒரு குற்றமாக மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த தடவை இருமல் இருந்தால் இரண்டு நாள் பிந்திப் போங்கள், அவ்வளவுதான்.

காய்ச்சலுக்குப் பெனடோல் தவிர வேறு வலி மாத்திரை கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஐபுரூபன், டைக்ளோபெனக் போன்றவை கர்ப்பத்தின் பிற்பகுதியில் பிள்ளையின் சிறுநீரகத்தையும் இதயத்துக்குப் பக்கத்திலுள்ள இரத்தக் குழாயையும் பாதிக்கும். இருப்பது டெங்குவாக இருந்தால் தாய்க்கு இரத்தக் கசிவும் வரும். பெனடோலும் ஒரு நாளைக்கு எட்டு மாத்திரையைத் தாண்டவே கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைவான தாய்மார் நம் தோட்டங்களில் நிறையப் பேர், அவர்களுக்கு அளவு இன்னும் குறையும், டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டெங்குவைச் சொன்னேன் அல்லவா, கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனையை முதல் நாளிலிருந்தே பார்ப்பது நல்லது. ‘அடிக்கடி இரத்தம் எடுக்கிறார்கள்’ என்று அம்மா முறையிட்டால் காரணம் இதுதான்.

கொத்தமல்லித் தண்ணி தாராளமாகக் குடிக்கட்டும். ஆடாதோடை போட்ட கசாயம் மட்டும் வேண்டாம், அதற்குக் கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் உண்டு. கொதிக்கிற தண்ணிச் சட்டியை மடியில் வைத்து வேது பிடிப்பதும் வேண்டாம். வயிறு பெருத்த நேரத்தில் சட்டி சரிந்து வெந்துபோன தாய்மாரைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரை. இரத்தம் குறைந்தவருக்கு நுரையீரல் நோய் வந்தால் இரண்டு பக்க அடி. ஒட்சிசனைச் சுமக்கிறதே இரத்தம்தான். அந்த மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்கினால் பெரும்பகுதி உடம்பில் சேராது. தேயிலை பறிக்கிற கைகளுக்கே இதை யாரும் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை என்பது எனக்குப் பல வருட ஆதங்கம். மாத்திரைக்கும் தேத்தண்ணிக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது விடச் சொல்லுங்கள்.

துண்டு வெட்டுவது டொக்டர் சொல்லும் நாளில் மட்டும். வீட்டுக்கு வந்த பிறகு லயத்து வரிசை வீட்டில் தனியறை என்பது நடக்காத காரியம், அது எனக்குத் தெரியும். முடிந்ததைச் செய்யலாம். வெயில் அடிக்கும் நேரம் கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். விறகடுப்புப் புகையிலிருந்து அவரைத் தள்ளி வையுங்கள், நோய்ப்பட்ட நுரையீரலுக்குப் புகை பெரிய எதிரி. சில நாளாவது அடுப்படி வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். காய்ச்சல் விட்டுப் போய் இரண்டொரு நாள் நன்றாக இருந்து, திரும்பக் காய்ச்சலும் மஞ்சள் சளியும் வந்தால் அது பெரும்பாலும் வைரஸுக்குப் பின்னால் பக்டீரியா புகுந்த அடையாளம். அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும். மூச்சுத் திணறினால் வாகனம் தேடி அலையாமல் 1990க்கு அடியுங்கள், சுவசரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வாரமும் இதே ஆபத்துக் காலம்தான், ‘பிள்ளை பிறந்தாச்சே’ என்று கவனத்தை விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் தாய்க்குத் தொற்றினாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கையைக் கழுவி, வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு பால் கொடுக்கலாம். தடுப்பூசியையும் இப்போதே யோசித்து வையுங்கள். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம், அதில் உயிருள்ள வைரஸ் இல்லை. ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு இந்த ஊசியைப் போட முடியாது. தாய் போட்டுக்கொண்டால் அந்த எதிர்ப்புச் சக்திதான் பிள்ளைக்கும் போகும். தனியார் ஆஸ்பத்திரிகளில் காசு கொடுத்துப் போடலாம். உங்கள் பகுதி எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் ஏதாவது ஏற்பாடு இருக்கிறதா என்று மிட்வைஃபிடம் கேளுங்கள்.

இப்போது நீங்கள் கொழும்பில் இருந்துகொண்டே செய்யக்கூடியது. தினமும் இரவில் அவரை அழைத்துப் பேசுவீர்கள்தானே. “சாப்பிட்டாயா” என்று கேட்பதோடு, ஒரு பெரிய வசனத்தை இடையில் நிற்காமல் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நேற்றுச் சொன்னதை இன்றைக்கு நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிச் சொன்னால் நோய் கூடுகிறது. சும்மா படுத்திருக்கும்போது ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணச் சொல்லுங்கள். 20ஐத் தாண்டினால் வார்டு மிஸ்ஸியிடம் சொல்ல வேண்டும், 24ஐத் தாண்டினால் டொக்டரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்க வேண்டும். பிள்ளை அசைவது வழக்கத்தைவிடக் குறைந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. கர்ப்பத்தில் மூச்சு வாங்குவது சாதாரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். அது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வருவது. ஒரே நாளில் வருவது சாதாரணம் இல்லை.

அவருக்குச் சிங்களம் அவ்வளவாகத் தெரியாது என்று எழுதினீர்கள். கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்திய வரி அதுதான். மூச்சு முட்டும்போது பாஷை தேட நேரம் இருக்காது. கொழும்புக் கடையில் நின்று உங்களுக்கு நன்றாகப் பழகியிருக்கும், நீங்களே மூன்று சிங்கள வசனத்தை உங்கள் குரலில் பதிந்து அவருடைய போனுக்கு அனுப்புங்கள். ‘ஹுஸ்ம கன்ன அமாருய்’, மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருக்கிறது. ‘பப்புவ ரிதெனவா’, நெஞ்சு வலிக்கிறது. ‘பபா ஹெல்லென்னே அடுவென்’, பிள்ளை அசைவது குறைவு. அவற்றைத் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு, இன்று இரவே உங்களிடம் மூன்று தடவை சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். வார்டுக்கு அழைத்து, டொக்டர் இருக்கும் நேரத்தைக் கேட்டு, நீங்களும் ஒரு தடவை நேரடியாகப் பேசுங்கள்.